ஒரு மலை, ஓர் இலை, ஒரு மாலை: வெளிநாட்டு உறவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு 22 குறிப்புகள்

"திருத்தணியிலிருந்து பத்துமலை எவ்வளவு தூரம்மா?" என்று என் மாமியார் கேட்டார். "இங்க எலக்ட்ரிக் ட்ரெயின்ல ஏறணும், அங்க எலக்ட்ரிக் ட்ரெயின்ல இறங்கணும் அத்தை. நடுவுல நாலு மணி நேரம் பிளேன்" என்றேன். கொஞ்சம் சுருக்கிச் சொன்னேனே தவிர, பொய் சொல்லவில்லை. திருத்தணியில் மின்சார ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரல். அங்கிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோ. கோலாலம்பூரில் இறங்கினால் பத்துமலை அடிவாரம் வரை மறுபடியும் மின்சார ரயில்.

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் நாத்தனார் வீட்டில் பத்து நாள் தங்கினோம். அவளுக்கு லீவு கிடைத்தது அதில் ஒரே நாள். அந்த ஒரு நாளுக்கு என் கணவர் ஒன்பது இடங்களைப் பட்டியல் போட்டார். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்துவிட்டு, "கோயில் ஒண்ணு, சாப்பாடு ஒண்ணு, சாயங்காலம் உட்கார ஒரு இடம். மிச்சத்தை அப்புறம் பார்ப்போம்" என்று மடித்து மகள் கையில் கொடுத்துவிட்டார். அப்படியே செய்தோம். யாருக்கும் கால் வீங்கவில்லை, யாரும் யாரிடமும் எரிந்து விழவில்லை. அந்த நாளில் கற்றதும், அதற்கு முன் பட்டுத் தெரிந்துகொண்டதுமே இந்தக் குறிப்புகள்.

கிளம்பும் முன்

1. எந்த இடம் என்பதற்கு முன் எந்த நாள் என்று கேளுங்கள். நமக்கு அது சுற்றுலா, அவர்களுக்கு வேலை வாரம். அவர்கள் எடுக்கும் ஒரு நாள் லீவுதான் இந்தப் பயணத்திலேயே விலை உயர்ந்த பொருள். போய் இறங்கிய மறுநாள் வேண்டாம், தூக்கம் பாக்கி இருக்கும். கூடுமானால் வார நாளாகப் பாருங்கள். ஆடிக் கிருத்திகையன்று பூக்காவடிக் கூட்டத்தில் திருத்தணி எப்படித் திணறுமோ, பத்துமலை தைப்பூசத்தில் அப்படித் திணறும். காவடி பார்ப்பதே நோக்கம் என்றால் தைப்பூசத்துக்குப் போங்கள். வீட்டுப் பெரியவர்களோடு நிதானமாகப் பார்க்க வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

2. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. டிக்கெட் எடுக்கும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். விமானம் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் பக்கம் வந்தால், அது அரசின் பக்கம் இல்லை என்று மூடிவிடுங்கள். உறவினர் வீட்டு முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். விமான நிலையத்தில் போன் உயிர்விட்டாலும் தாள் கைகொடுக்கும்.

3. மலைக்கோயில் பிரசாதத்தை அப்படியே பெட்டியில் போடாதீர்கள். விபூதி, குங்குமம் போகலாம். கற்பூரமும் கொப்பரையும் தீப்பற்றும் பொருள்கள் என்பதால் விமானத்தில் கூடாது. வீட்டிலேயே எடுத்துவிட்டால் கவுன்டரில் பெட்டியைப் பிரித்து, எல்லோர் முன்னாலும் உள்பாவாடையைத் தள்ளித் தேட வேண்டியிருக்காது. பழம், கறிவேப்பிலைக் கன்று, விதை போன்றவற்றையும் தவிர்த்துவிடுங்கள். அந்த ஊர் சுங்கத்தில் அனுமதிச் சீட்டு கேட்பார்கள்.

4. ஆவக்காய் எங்கள் பக்கத்து அடையாளம். ஆந்திர எல்லையில் இருந்துகொண்டு ஆவக்காய் இல்லாமல் போக முடியுமா? கண்ணாடி பாட்டில் வேண்டாம், அகன்ற வாய் பிளாஸ்டிக் டப்பா போதும். மேலே இரண்டு விரல் இடம் விட்டு நிரப்புங்கள். உயரத்தில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து எண்ணெயைத் தள்ளும். டப்பாவின் விளிம்பை உலர்ந்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, பாலித்தீன் தாளை இரண்டாக மடித்துப் போர்த்தி, அதன் மேல் மூடியைத் திருகுங்கள். பிறகு ஜிப் பை ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று. பழைய காட்டன் புடவையில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள். ஊறுகாயைக் கைப்பையில் கொண்டுபோகாதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

5. "என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்டால் "ஒண்ணும் வேணாம்" என்றுதான் பதில் வரும். "அங்க என்ன கிடைக்கலை?" என்று கேளுங்கள். மிளகாய்த்தூளும் இட்லி அரிசியும் அங்கே தாராளமாகக் கிடைக்கின்றன. என் நாத்தனார் கேட்டது அளவு ஜாக்கெட் கொடுத்து ஊர் டெய்லரிடம் தைத்த ஆறு ரவிக்கைகள். அவள் வீட்டுக்காரர் கேட்டது பொதட்டூர்ப்பேட்டைத் தறி லுங்கி. இரண்டும் எடை குறைவு, மதிப்பு அதிகம்.

6. மலேசியாவில் பிளக் பாயின்ட்டுக்கு மூன்று தட்டையான முனைகள். நம் உருண்டை முனை பொருந்தாது. அடாப்டர் ஒன்றை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ராத்திரியே அவர்கள் சார்ஜரைக் கடன் கேட்க வேண்டாம்.

7. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல், மருத்துவர் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னே ஓடுவதால், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை எந்த நேரத்தில் போடுவது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். விமான நிலையத்தில் தெரியாதவர் "இந்தப் பொட்டலத்தை மட்டும்..." என்று நீட்டினால், எவ்வளவு பாவமாக இருந்தாலும் வாங்காதீர்கள். போதைப்பொருள் விஷயத்தில் அந்த நாட்டுச் சட்டம் மிகக் கடுமையானது.

காலையில் மலை

8. கோலாலம்பூரில் ஏழு மணிக்கு மேல்தான் பொழுது விடியும். நம் உடம்புக்கு அது விடியற்காலை நாலரை. அதனால் முதல் நாள் ராத்திரியே புடவை, குடை, தண்ணீர் பாட்டில், சில்லறை எல்லாவற்றையும் ஒரு நாற்காலியில் எடுத்து வைத்துவிடுங்கள். வெயில் ஏறுமுன் படி ஏறிவிட வேண்டும்.

9. செந்தூல் நிலையத்திலிருந்து பத்துமலைக்கு நேராகவே கொமுட்டர் ரயில் இருக்கிறது. நகரின் பெரிய சந்திப்பான கேஎல் சென்ட்ரலில் ஏறினால் ஏறக்குறைய அரை மணி நேரம். பயணக் கார்டை உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். ஆளுக்கொரு கார்டு வேண்டும், ஒன்றையே நாலு பேர் தட்ட முடியாது. பெண்கள் பெட்டியும் உண்டு. ஒரு ரயிலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அதிகம் என்பதால் திரும்பி வரும் நேரத்தையும் அப்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஏசி எலும்பைத் துளைக்கும். மாமியாருக்கு ஒரு சால்வை, எனக்கு முந்தானை.

10. "365 படி ஏறின ஊர்க்காரங்களுக்கு 272 ஒரு கணக்கா?" என்று என் கணவர் மார்தட்டினார். திருத்தணியில் அவர் கடைசியாகப் படியேறியது எப்போது என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் மலைப்பாதையில் வண்டி மேலே வரை போய்விடுகிறது. பத்துமலைப் படிகள் செங்குத்து, பாதம் வைக்கும் இடமும் குறுகல். கைப்பிடியை ஒட்டி ஏறுங்கள், இறங்கும்போது கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். 2018-ல் படிகளுக்கு வானவில்போல் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். வண்ணம் மாறும் இடங்களில் நின்று மூச்சு வாங்கினால் "இன்னும் எவ்வளவு?" என்ற கேள்வி குறையும். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகுங்கள், மடிப்பு முன்பக்கம் தொங்கினால் காலில் சிக்கும்.

11. அங்கே படியிலும் செருப்போடுதான் ஏறுகிறார்கள், குகைக்குள் சன்னதிக்கு முன்னால்தான் கழற்றுகிறார்கள். நமக்குக் கால் கூசும். வெறுங்காலோடு ஏறுகிறேன் என்றால் தடை ஒன்றும் இல்லை. துணிப்பை ஒன்றில் செருப்பைப் போட்டுக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல் குகை என்பதால் மேலிருந்து நீர் சொட்டும், தரை வழுக்கும்.

12. குரங்கு விஷயத்தில் திருத்தணிக்காரர்களுக்குப் பாடம் தேவையில்லை என்று நினைத்தேன். எங்கள் மலையில் இல்லாத குரங்கா? ஆனால் இவை பாலித்தீன் பை சரசரக்கும் சத்தத்துக்கே திரும்புகின்றன. மாமியார் இடுப்பில் செருகியிருந்த நிலக்கடலைப் பொட்டலத்தை ஒன்று பின்னாலிருந்து லாவகமாக உருவிக்கொண்டு போய், கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, தோலை ஊதி ஊதிச் சாப்பிட்டது. அத்தை பிறந்தபோது திருத்தணி ஆந்திரத்தில் இருந்தது, 1960 ஏப்ரல் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கோபம் வந்தால் அவருக்கு இன்னும் தெலுங்குதான் வரும். "போ ரா! போ!" என்று கத்தினார். "அதுக்கு மலாய்தான் தெரியும்மா" என்றாள் மகள். பொருள் போனால் போகட்டும், பிடித்து இழுக்காதீர்கள். அர்ச்சனைத் தட்டை ஜிப் வைத்த துணிப்பைக்குள் வையுங்கள். கண்ணாடி, போன் இரண்டையும் உள்ளே போட்டுவிடுங்கள். குரங்கைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரித்தால் அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும்.

13. ஏற முடியாத பெரியவர்களை வற்புறுத்தாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். கீழேயும் சன்னதிகள் இருக்கின்றன. நிலையத்திலிருந்து வரும் வழியில் பெரிய அனுமார் சிலையும் ராமாயணக் குகையும் உண்டு, குகைக்கு மட்டும் கட்டணம். அடிவாரத்தில் நிற்கும் முருகன் சிலை 42.7 மீட்டர், அதாவது 140 அடி. 2006 ஜனவரியில் திறந்தார்கள். 2022-ல் சேலம் மாவட்டத்து முத்துமலை முருகன் 146 அடியில் எழும்பி இதை மிஞ்சிவிட்டார். மாமியார் பாதிப் படியோடு இறங்கி அந்தச் சிலைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார், துணைக்கு மகள். நாங்கள் திரும்பி வந்தபோது இருவரும் எங்களைக் கவனிக்கவே இல்லை, அவ்வளவு பேச்சு.

14. குழந்தைகளுக்கு ஒரு கதையாவது சொல்லிக் கூட்டிப் போங்கள். கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலை 1873-ல் நிறுவிய தம்புசாமிப் பிள்ளைதான் இந்தக் குகை வாயிலை வேல் வடிவாகக் கண்டு இங்கே வழிபாட்டைத் தொடங்கினார். 1892 முதல் இங்கே தைப்பூசம் நடக்கிறது. மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல். நம் காதுக்கு அது பத்துமலை ஆகிவிட்டது.

மதியம் இலை

15. காலையில் யாராவது "பசியாறியாச்சா?" என்று கேட்டால் திகைக்க வேண்டாம். மலேசியத் தமிழில் காலை உணவுக்குப் பசியாறல் என்று பெயர். ரிங்கிட்டை 'வெள்ளி' என்பார்கள். மலாய்ச் சொற்கள் சிலவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: தண்டாஸ் என்றால் கழிப்பறை, மாசோக் உள்ளே, கெலுவார் வெளியே, ஆயர் சுவாம் வெதுவெதுப்பான நீர், தெரிமா காசே நன்றி. சில கழிப்பறைகளில் சில்லறை கேட்பார்கள், நாணயங்களைத் தனிப் பர்ஸில் வையுங்கள்.

16. கடையில் வெறுமனே 'தே' என்று கேட்டால் கட்டிப்பால் ஊற்றித் தித்திப்பாக வரும். தே தாரிக் என்பது அதையே கைக்குக் கை உயர்த்தி இழுத்து ஆற்றித் தருவது. நம் ஊர் டீ மாஸ்டர் பார்த்தால் கூப்பிட்டுக் கட்டிக்கொள்வார். சர்க்கரைக்காரர்கள் 'தே ஓ கோசோங்' என்று கேளுங்கள், பாலும் இனிப்பும் இல்லாமல் வரும். பால் வேண்டும், இனிப்பு வேண்டாம் என்றால் 'தே சி கோசோங்'. இனிப்பு குறைவாகப் போதும் என்றால் 'குராங் மானிஸ்'.

17. சைவக்காரர்கள் "அசைவம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. சம்பலில் இறால் விழுது இருக்கலாம். நாசி லெமாக்கில் நெத்திலிக் கருவாடு இருக்கும். ரொட்டி சானாய்க்கு ஊற்றும் குழம்பு மீன் குழம்பாகவும் இருக்கலாம், "பருப்பு மட்டும்" என்று கேட்டு வாங்குங்கள். கிருத்திகை விரதம் இருப்பவர்கள் சைவ உணவகத்துக்கே போய்விடுவது நிம்மதி. பத்துமலை அடிவாரத்திலேயே கிடைக்கும்.

18. இலைச் சாப்பாட்டுக்கு நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். ஒரு காலத்தில் அங்கே செங்கல் சூளைகள் இருந்ததால் வந்த பெயர் அது. 1880-களில் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்து மறுபடி கட்டப்பட்டபோது செங்கல் போனது இங்கிருந்துதான். திருவள்ளூர்ப் பக்கம் சூளைப் புகையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உடனே ஒரு சொந்தம் வந்துவிடும். 2010-ல் அதை லிட்டில் இந்தியாவாக அலங்கரித்தார்கள். இலையில் சோறு விழுந்ததும் முதலில் என்ன குழம்பு என்று கேட்பார்கள், கை தானாகக் காட்டிவிடாமல் வாயால் சொல்லுங்கள். காய், அப்பளம் கேட்கக் கேட்க வரும். ரசத்துக்கு வயிற்றில் இடம் வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். வெளியே பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வெயிலோ மழையோ கொட்டும், அதையும் உள்ளே உட்கார்ந்தே கழித்துவிடலாம்.

19. பில் வரும்போது கல்லாவில் மல்லுக்கட்டாதீர்கள். காலையிலேயே பேசிப் பிரித்துவிடுங்கள். கோயில் செலவும் ரயில் செலவும் எங்களுடையது, சாப்பாடு அவர்களுடையது, மாலைக் காபி மறுபடி நாங்கள் என்று வைத்தோம். இன்னொன்று: ரிங்கிட்டை ரூபாயாகப் பெருக்கிச் சத்தமாகச் சொல்லாதீர்கள். "ஒரு வடை இவ்வளவா!" என்று நீங்கள் வாய் பிளந்தால், வாங்கித் தருகிறவர்களுக்கு விக்கும்.

மாலையும் வீடும்

20. மாலைக்கு ஓர் இடம் போதும். கேஎல் சென்ட்ரலிலிருந்து எல்ஆர்டி ரயிலில் நேராக கேஎல்சிசி. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர், 88 மாடி. 41, 42-வது மாடிகளில் இரண்டையும் இணைக்கும் பாலம் இருக்கிறது. அதில் ஏற டிக்கெட் முன்பதிவு வேண்டும், திங்கட்கிழமை கிடையாது. நாங்கள் ஏறவில்லை. பின்பக்கப் பூங்காவில் பெஞ்சு பிடித்து, கொண்டுபோன முறுக்கைப் பிரித்தோம். இருட்டியதும் விளக்கு நீரூற்று ஆடுவதைக் காசில்லாமல் பார்த்தோம். கோபுரம் முழுவதும் போட்டோவில் வர வேண்டுமானால், போனைத் தலைகீழாகப் பிடித்து லென்ஸைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். எடுப்பவர் குனிந்தால் போதும், நிற்பவர்கள் பின்னால் நகர்ந்து நகர்ந்து குளத்தில் விழ வேண்டியதில்லை.

21. வழியில் மங்குஸ்தான் பழம் கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் நல்ல புடவையோடு உடைக்காதீர்கள். ஊதாத் தோலின் சாறு துணியில் பட்டால் கறை போவது கடினம். செய்தித்தாள் விரித்து வீட்டில் உடையுங்கள். டுரியானை விடுதிகள் பலவற்றில் உள்ளே விடமாட்டார்கள். உறவினர் வீட்டிலும் கேட்டுவிட்டு வாங்குங்கள். மறுநாள் வரை ஃபிரிட்ஜில் பாலும் தயிரும் அதன் வாசனையில்தான் இருக்கும்.

22. ராத்திரிச் சமையல் உங்களுடையது. லீவு போட்டுச் சுற்றிக் காட்டியவளை அடுப்பில் நிறுத்தாதீர்கள். காலையிலேயே அரிசியைக் களைந்து எடுத்து வைத்திருந்தால், வந்ததும் சோறு, மிளகு ரசம், கொண்டுபோன ஆவக்காய், சுட்ட அப்பளம் என்று அரை மணியில் முடியும். இதே கணக்கு எந்த ஊருக்கும் பொருந்தும். சிங்கப்பூரில் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி, லண்டனில் ஹைகேட் ஹில் முருகன், சிட்னியில் மேஸ் ஹில் முருகன் என்று போகுமிடமெல்லாம் அவர் ஒரு மேட்டைப் பிடித்து வைத்திருக்கிறார். பக்கத்தில் ஓர் இலையும் ஒரு பெஞ்சும் தேடிக்கொள்வது நம் பாடு.

போகாமல் விட்ட இடங்களின் பட்டியலை மட்டும் கிழித்துவிடாதீர்கள். என் கணவர் எழுதிய தாளை நாத்தனார் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். பத்துமலை, இரட்டைக் கோபுரம் இரண்டையும் பேனாவால் அடித்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்போதெல்லாம் கேட்கிறாள்: "அண்ணி, மிச்சம் ஏழு இருக்கு. எப்ப வரீங்க?"